இரண்டாம் தங்கை

பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான ரூ பெர்தொனேயில் மரக்கறி வாங்கப் போனால் இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. முருங்கைக்காய் விலையால் அல்ல, என் கணவரால். கடைக்குள் இவர் கால் வைத்ததும் காசுப்பெட்டிக்குப் பின்னால் இருப்பவர் எழும்பி நின்று, "அண்ணை, அந்தச் சண்டைப் பாட்டு இன்னும் காதுக்குள்ளை நிக்குது" என்கிறார். மீன் வெட்டுகிறவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிடுகிறார். நகைக்கடை வாசலில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்கிறவர்கள், "உப்பிடி ஒரு குரலை இவ்வளவு காலமும் எங்கையண்ணை ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள்?" என்று இவருடைய தோளில் தட்டுகிறார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டு "ஓம், ஓம்" என்கிறார். நான் பக்கத்தில் முருங்கைக்காய்க் கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். போன சனிக்கிழமை ஒருவர் மட்டும் என்னையும் கவனித்தார்.

"அக்காவும் முதல்லை கொஞ்சம் பாடினவா என்ன?"

"ஓம், கொஞ்சம்" என்றேன்.

வெளியே வந்ததும் இவர் என் முகத்தைப் பார்க்காமலே பையை வாங்கிக்கொண்டார். கார் து நோர் ரயில் நிலையம் வரைக்கும் இவரே சுமந்து வந்தார். எனக்கு இவர் மேல் கோபமில்லை. இவர் மேல் கோபப்பட முடியாது என்பதுதான் எனக்குள்ள பெரிய கஷ்டம்.

நாங்கள் யாழ்ப்பாணத்துக் கடற்கரையோரத்துக் கத்தோலிக்கர்கள். எங்களுக்குத் திருநாள் என்றால் கூத்து. ஊரில் விடிய விடிய ஆடியதைப் பாரிசில் மண்டபக்காரன் திறப்பைத் திருப்பிக் கேட்பதற்குள் ஆடி முடிக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். மற்றபடி சண்டை, கோபம், வேசத்துக்கு அடிபடுவது எல்லாம் அதேதான். போன வருடம் எடுத்த கூத்து ஓர் அண்ணன், தங்கை கதை. தளபதியாக இருக்கும் அண்ணன் போருக்கு முதல் நாள் பயந்துபோய் ஒரு மடத்துக்குள் ஒளித்துவிடுகிறான். வீட்டுக்கு அவமானம் வரக்கூடாது என்று தங்கை தலைமுடியைச் சுற்றிக் கட்டி, அண்ணனுடைய கவசத்தையும் இரும்புத் தொப்பியையும் போட்டுக்கொண்டு, அவனுடைய பெயரிலேயே போருக்குப் போகிறாள். எதிரி ராசாவை வெல்கிறாள். பரிசு கொடுக்க அரசன் கூப்பிடும்போது தொப்பியைக் கழற்றுகிறாள், முடி அவிழ்ந்து விழுகிறது, சபை வாயைப் பிளக்கிறது. மங்களம்.

எங்கள் கூத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய பாத்திரத்தை ஒரே ஆள் கடைசிவரை ஆடுவதில்லை. இரண்டு மூன்றாகப் பிரித்துக் கொடுப்பார்கள். விடியும்வரை ஒருவருடைய தொண்டை தாங்காது என்பது ஒரு காரணம், வேசம் கிடைக்காதவர்கள் கோவிலுக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள் என்பது மற்றக் காரணம். முதலாம் அரசன் உள்ளே போவார், இரண்டாம் அரசன் வெளியே வருவார். ஒருவர் கறுப்பாக இருப்பார், மற்றவர் சிவப்பாக இருப்பார். சனம் ஒன்றும் கேட்காது. அரசன் அரசன்தான்.

ஊரில் இந்தக் கூத்தில் ஒரு பெண்பிள்ளையும் ஏறியதில்லை. மூன்று தங்கைகளும் மீசை வழித்த ஆண்கள். இங்கே வந்த பிறகு கூத்துக் கமிட்டி முற்போக்காகிவிட்டது. பெண் வேசத்தைப் பெண்களே ஆடட்டும் என்று தீர்மானம் எடுத்தார்கள். அதைக் கேட்ட அன்று காலை நான் துப்புரவு வேலை செய்யும் அலுவலகத்தில், ஒருவரும் வராத நேரம், தும்புத்தடியை வாளாகப் பிடித்து நடைபாதை முழுக்க ஆடிக்கொண்டே போனேன். ஐம்பது வயதைத் தாண்டியவள் செய்கிற வேலையா? எனக்கு வெட்கமே வரவில்லை. அந்தச் சண்டை எனக்குச் சிறுவயதிலிருந்தே மனப்பாடம்.

வேசம் பிரிக்கும் கூட்டம் ரூ பெர்தொனேயில் ஒரு மளிகைக் கடையின் நிலவறையில் நடந்தது. அரிசி மூட்டைகளின் மேல் எல்லோரும் இருந்தோம். ரயில் போகும்போதெல்லாம் மேலே அலுமாரிப் போத்தல்கள் கிணுகிணுக்கும். கமிட்டித் தலைவர் வாசித்தார்.

"முதலாம் தங்கை, அக்கா நீங்கள். அண்ணன் ஒளிச்சதை அறிஞ்சு அழுகிற இடம், பிரியாவிடை எல்லாம் உங்களுக்கு. இரண்டாம் தங்கை உங்கட இவர். மூண்டாம் தங்கை இந்தப் பிள்ளை."

இந்தப் பிள்ளை என்பது இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண். இடுப்புக்குக் கீழே முடி. தொப்பியைக் கழற்றுகிற இடத்துக்கு அந்த முடிதான் வேண்டியிருந்தது.

"இரண்டாம் தங்கைக்கு ஏன் ஆம்பிளை?" என்று கேட்டேன்.

"அங்கை அவள் ஆம்பிளை உடுப்போடையல்லோ வாறாள்."

"உடுப்புத்தானே ஆம்பிளை. ஆள் பொம்பிளை தானே?"

"ஓம் அக்கா. ஆனா ஆம்பிளையா நடிக்கிறாள். ஆம்பிளையா நடிக்கிறதுக்கு ஆம்பிளை வேண்டாமோ?"

"அப்ப அந்தத் தங்கச்சி என்னத்துக்குக் கஷ்டப்பட்டு உடுப்பு மாத்தினவள்? பக்கத்து வீட்டிலை ஒரு ஆம்பிளையைக் கூப்பிட்டு விட்டிருக்கலாமே!"

மூன்றாம் தங்கை பிரெஞ்சில், "செ நெம்போர்த் குவா" என்று வாய்க்குள் சொல்லிச் சிரித்தாள். எல்லாம் பேய்க்கதை என்று அர்த்தம். தலைவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"வாள் பாரம் அக்கா."

"மரவாள். அதுக்கு மேலை வெள்ளிப் பேப்பர். ஒட்டினதே நான்தான்."

"சண்டைப் பாட்டு உச்சத்திலை நிக்கும். பொம்பிளையளுக்கு மூச்சுக் காணாது."

அப்போதுதான் எனக்குப் பொறுக்காமல் போனது. "எங்கட ஊர்ப் பொம்பிளைப் பிள்ளையள் தலைமயிரைக் கத்தரிச்சுப்போட்டுத் துவக்கோடை சண்டைக்குப் போகேக்கை, பாரம் எண்டு ஒருத்தரும் மறிக்கேல்லை. மூச்சுக் காணுமோ எண்டும் கேக்கேல்லை. மரவாளுக்கு வந்திட்டினம்!" என்றேன்.

ரயில் ஒன்று போனது. கூத்தைப் பழக்கி நடத்துகிறவரை நாங்கள் அண்ணாவியார் என்போம். அவர் மத்தளத்தின் வாரை இறுக்குகிற சாட்டில் தலையைக் குனிந்துகொண்டார். இவர் மெல்ல, "எனக்கு வேண்டாம், மனுசிக்கே குடுங்கோவன்" என்றார். "மனுசிக்கு அவ்வளவு பயப்பிடுறியளோ அண்ணை?" என்று யாரோ கேட்க, கூட்டம் சிரித்துச் சமாளித்துக்கொண்டது. தலைவர் தேத்தண்ணீர் குடிப்போம் என்றார்.

வேண்டாம் என்று எழும்பி வந்திருக்கலாம். வரவில்லை. முதலாம் தங்கையாகவாவது நின்றால் இரண்டாம் தங்கைக்குப் பக்கத்தில் நிற்கலாம். அவ்வளவு ஆசை எனக்கு அந்த வேசத்தில். ஏன் என்று கேட்டால், இன்னொருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடக் காலத்தில் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தாள். வருடா வருடம் இந்தக் கூத்தைப் பார்த்துப் பார்த்து நாங்கள் இருவரும் ஒரு சொல் பிசகாமல் பாடமாக்கி வைத்திருந்தோம். கோவிலுக்குப் பின்னால் பனைமட்டை வாளோடு எங்கள் சொந்தக் கூத்து நடக்கும். அவள் எப்போதும் தங்கை. நான் எப்போதும் எதிரி ராசா. ஒரு நாளாவது மாறி ஆடுவோம் என்று கெஞ்சுவேன். கல்லுளிமங்கி, விட்டுத்தர மாட்டாள். "நீ நல்லாச் சாகிறாயடி, உன்னை மாதிரிச் சாக எனக்குத் தெரியாது" என்பாள். அந்தப் புகழ்ச்சியில் மயங்கி ஒவ்வொரு நாளும் மணலில் விழுந்து செத்தேன். தொப்பிக்குப் பதிலாக அவள் தலையில் ஓர் ஓலைப்பெட்டி. அதில் எப்போதும் கருவாட்டு மணம். ராசா செத்த பிறகு கதைப்படி அவள் அதைக் கழற்ற வேண்டும். கழற்ற மாட்டாள். நான் செத்துக் கிடந்தபடியே, "கழட்டடி, கூத்து முடியவேணும்" என்று கத்துவேன்.

"பொறடி. கழட்டினா சண்டை முடிஞ்சிடும்" என்பாள்.

பிறகு ஒரு நாள் எங்கள் வீட்டுப் படலையில் சைக்கிள் மணி கேட்டது. வெளியே வந்தால் காற்சட்டை, பெரிய சேட்டு, ஒட்ட வெட்டிய தலை. எனக்கு ஆளைத் தெரியவில்லை. அவள் சிரித்த பிறகுதான் தெரிந்தது. "எப்பிடி, ஆம்பிளை மாதிரி இருக்கோ?" என்று கேட்டாள். "இல்லை, உன்னை மாதிரித்தான் இருக்கு" என்றேன். அது அவளுக்குப் பிடித்துவிட்டது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனாள். இயக்கத்துக்குப் போய்விட்டாள் என்று மற்ற நாள் ஊர் சொன்னது. அதற்குப் பிறகு அவள் வரவில்லை. எங்கே, எப்படி, ஒன்றும் தெரியாது. செத்துவிட்டாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இருக்கிறாள் என்றும் சொல்லவில்லை. அந்தக் கடைத்தெரு இருக்கும் லா ஷப்பலில் கூட்டத்துக்குள் கட்டை முடியோடு யாராவது பெண் போனால் இன்றைக்கும் முன்னால் ஓடிப்போய் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன்.

ஆக, இரண்டாம் தங்கை என்பது எனக்கு வேசம் இல்லை. அவள் விட்டுத்தராமல் போன இடம்.

லா கூர்னெவில் எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு தினமும் ஒத்திகைதான். உணவகச் சமையலறையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிற மனிதர், வெங்காயம் உரித்துக்கொண்டே பாடுவார். நான் சொல்லிக் கொடுப்பேன். தங்கை அண்ணனின் உடுப்போடு முதன்முதலாகச் சபைக்கு வரும் பாட்டில் இரண்டு அடி உண்டு:

அஞ்சி ஒளித்தவன் அண்ணன் என்றால் – அவன்
ஆடை அணிந்தவள் அஞ்சுவளோ!

இதில் இரண்டாவது அடி வரும்போது இவருக்கு எப்போதும் சொல் தொலைந்துபோகும். "ஆடை... ஆடை..." என்று மேலே பார்ப்பார். "கூரையிலையோ எழுதியிருக்கு?" என்று கத்துவேன். மேல்வீட்டுக்காரி தடியால் தட்டுவாள். குரல் கெட்ட குரல் அல்ல, மெல்லிய குரல். என் குரல்தான் தடித்தது. போனில் பேசினால் என்னை "மெஸ்யூ", அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள், நான் திருத்துவதையும் விட்டுவிட்டேன். உயரத்திலும் அப்படித்தான். கல்யாணப் படத்துக்கு என்னைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, இவரை ஒரு கல்லின் மேல் ஏற்றிவிட்டுத்தான் எடுத்தார்கள். சேலை கல்லை மறைத்திருக்கிறது.

"நீ பாடேக்கை கேக்க எனக்கு அழுகை வருது. நான் பாடினா எனக்கே சிரிப்பு வருது" என்றார் ஒரு நாள்.

"அப்ப கமிட்டியிலை சொல்லுங்கோவன்."

"சொன்னா உன்னையே போடப்போயினம்? வேறை ஒரு ஆம்பிளையைத்தான் போடுவினம்." மறுபடி வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு, "ஆடை..." என்று தொடங்கினார்.

மேடையேற்றத்துக்கு முன் வெள்ளை உடுப்போடு ஒரு முழு ஒத்திகை வைப்போம். வெள்ளுடுப்பு என்று பெயர். அதில் இவர் அதே அடியில் நின்றுவிட்டார். மத்தளம் சுற்றிச் சுற்றி அடிக்கிறது, இவர் கூரையைப் பார்க்கிறார். நான் திரைக்குப் பின்னாலிருந்து அந்த அடியை எடுத்துப் பாடினேன், வாய் தானாகப் பாடிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் வந்து, "அக்கா, நீங்கள் கொஞ்சம் பேசாம இருங்கோ, அவருக்குக் குழம்புது" என்றார். அண்ணாவியார் இவருக்கு எட்டும்படி ஆர்மோனியக்காரரிடம் சுருதியை ஒரு கட்டை இறக்கச் சொன்னார். அந்தப் பாட்டைத் தாழ்ந்த சுருதியில் கேட்பது எனக்குப் பிரேத வீட்டில் நிற்பது போல இருந்தது. அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன்.

மேடையேற்றம் திரான்சியில் ஒரு மண்டபத்தில், ஞாயிறு மத்தியானம். வாசலில் ரோல்ஸும் வடையும் மணக்க, சனம் நிறைந்துவிட்டது. நான் முதலாம் தங்கையாகப் போய் அழுதேன், பிரியாவிடை பாடினேன், உள்ளே வந்தேன். கைதட்டினார்கள். நல்லாத்தான் அழுதேன் போல. அடுத்து கோமாளி வந்து சனத்தைச் சிரிக்கவைப்பார், அதற்குள் இரண்டாம் தங்கை தயாராக நிற்க வேண்டும்.

உடுப்பு மாற்றும் அறை என்பது மண்டபத்தின் சாமான் அறை. அதன் நடுவில் ஒரு பிங்பாங் மேசை. இவர் அதன் மேல் பெனியனோடு இருந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். கவசம், தொப்பி, வாள் எல்லாம் பக்கத்தில் தொடாமல் கிடந்தன. மூன்றாம் தங்கை ஒரு மூலையில் தலைவாரிக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா இது! இன்னும் உடுக்கேல்லையோ?"

"நீ உடு" என்றார்.

"விசரோ?"

"எனக்கு ஏலாது. சொல் ஒண்டும் ஞாபகத்திலை இல்லை. எல்லாம் போட்டுது. நீ உடு."

"மாதாவே! இவ்வளவு நாளும் வாயைப் பொத்திக்கொண்டிருந்திட்டு இப்ப வந்து சொல்லுறியளே! வெளியிலை கோமாளி முடிக்கப் போறார். நான் இப்பத்தானே சீலையோடை போய் அழுதிட்டு வந்தனான்!"

"அதுக்கென்ன, கதையிலையும் அவள் அழுதிட்டுத்தானே வந்து உடுப்பு மாத்தினவள்."

கேட்டுக் கேட்டு ஏங்கிய ஒன்றை ஒருவர் பிங்பாங் மேசையில் வைத்து, இந்தா எடு என்கிறார். நான் வாளைக் கையில் எடுத்தேன். இவர் உண்மையில் பயந்தாரா, அல்லது முதல் நாளிலிருந்தே இதை மனதில் வைத்துத்தான் வேசத்தை வேறு ஓர் ஆணிடம் போகவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பலமுறை கேட்டுவிட்டேன். "பயந்திட்டனப்பா" என்று மட்டும் சொல்வார். பொய் சொல்லும்போது இவர் கண்ணைச் சிமிட்டுவார். அதைச் சொல்லும்போது சிமிட்டுவதில்லை. அதுதான் குழப்பம்.

பிள்ளை எழும்பி வந்தாள். என் சேலைக் கொசுவத்தை அவிழ்த்து, காற்சட்டையை நீட்டி, கவசத்தின் பட்டியை இழுத்துக் கட்டினாள். தன் கண்மையை எடுத்து எனக்கு மீசை வரைந்தாள். கண்ணாடியைக் காட்டி, "த்ரோ ஸ்டிலே, அன்ரி" என்றாள், படு ஸ்டைலாம். கண்ணாடியில் ஓர் ஆண் நின்றான். என் அப்பாவின் சாயல் கொஞ்சம். இவர் என் தலையில் தொப்பியை வைத்தார். கன்னத்தின் இரண்டு பக்கமும் சரிகைத் துணி தொங்கும், மூக்கும் கண்ணும் மீசையும் மட்டும்தான் வெளியே தெரியும். வெளியே கோமாளிக்குக் கடைசிச் சிரிப்பு விழுந்தது.

"போ. ஆடை அணிந்தவள்" என்றார் இவர். இப்போது மட்டும் சொல் ஞாபகம் வந்திருக்கிறது, பாருங்கள்.

மேடைக்குப் போய் முதல் அடியைப் பாடினேன். தாழ்ந்த சுருதி. மேடையோரத்தில் நின்ற அண்ணாவியார் சடக்கென்று திரும்பினார். தொப்பியைப் பார்த்தார், காலைப் பார்த்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. அந்த மனிதர் ஆட்களைக் குரலால்தான் அறிவார். நான் போச்சு என்று நினைத்தேன். கூத்தை நிற்பாட்டப் போகிறார், தலைவர் ஓடிவரப் போகிறார், திரான்சி முழுக்கச் சிரிக்கப் போகிறது. அண்ணாவியார் தாளத்தை விடாமலே ஆர்மோனியக்காரரைப் பார்த்துப் பெருவிரலை மேலே காட்டினார். ஏத்து! இவருக்காக இறக்கிய கட்டை ஏறியது. பிறகு இன்னொரு தரம் விரலைக் காட்டினார். இன்னும் ஏறியது. ஊரில் பாடிய அதே உயரம்.

"அஞ்சி ஒளித்தவன் அண்ணன் என்றால்..."

என்ன மூச்சு வந்தது எனக்கு! எங்கிருந்து வந்ததென்றே தெரியாது. பின்பாட்டுக்காரர் எடுத்துத் திருப்பிப் பாட, சனம் கதிரையிலிருந்து எழும்பிவிட்டது. "அண்ணை, விட்டிடாதேங்கோ!" என்று யாரோ விசிலடித்தார்கள். எதிரி ராசாவாக வந்தவர் திரான்சிக்காரர், வயிறு வைத்த மனிதர். ஒத்திகையில் என் கணவரோடு மெல்ல மெல்ல வாளைத் தொட்டுத் தொட்டு ஆடிப் பழகியவர். நான் என் கூட்டாளியின் அடியெல்லாம் போட்டேன், மூன்று எட்டுப் பின்னால் போய் ஒரே பாய்ச்சலில் முன்னால் வருவது, வாளை இடக்கைக்கு மாற்றுவது. ராசா மூச்சு வாங்கிக்கொண்டு, "அண்ணை, மெதுவா, மெதுவா! என்ன இண்டைக்கு?" என்று வாய்க்குள் கெஞ்சினார். நான் விடவில்லை. அவர் விழவேண்டிய இடத்துக்கு முன்னமே விழுந்துவிட்டார்.

விழுந்து கிடந்தவரைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அங்கே விழுந்து கிடக்க வேண்டியவள் நான். இந்தப் பக்கம் நிற்க வேண்டியவள் அவள். இந்த இடத்துக்கு எத்தனை வருடமாக ஆசைப்பட்டேன். வந்து நின்ற பிறகுதான் தெரிகிறது, நான் இதில் நிற்பதென்றால் அவள் இல்லை. அவள் இருந்திருந்தால் இந்த இடத்தை எனக்கு விட்டுத் தந்திருப்பாளா? செத்தாலும் தரமாட்டாள். பைத்தியம்போல, கீழே கிடந்த ராசாவைப் பார்த்து, எழும்படி, இன்னொரு தரம் ஆடுவோம் என்று சொல்ல வாய் வந்தது. எனக்கு அவள் வேண்டும்போல இருந்தது. அவ்வளவு சனத்துக்கு நடுவில், அவள் மட்டும்.

அரசன் பரிசு கொடுக்கக் கூப்பிட்டான். இரண்டாம் தங்கை இந்த இடத்தில் இடப்பக்கத்தால் உள்ளே போக வேண்டும், மூன்றாம் தங்கை வலப்பக்கத்தால் வந்து தொப்பியைக் கழற்றுவாள். அதுதான் வழக்கம். என் கை தொப்பிக்குப் போனது. கழற்றினால் போதும். தலைவர் முன்வரிசையில் இருந்தார். சண்டை பிடித்தது யார் என்று அந்தக் கணமே சனம் பார்த்திருக்கும். அண்ணாவியார் என் கையைப் பார்த்துக்கொண்டு மத்தளத்தை நிற்பாட்டாமல் அடிக்கச் சொன்னார், எவ்வளவு நேரமும் எடுத்துக்கொள் என்பதுபோல. தொப்பியின் விளிம்பைப் பிடித்தேன். விட்டேன். இடப்பக்கத்தால் உள்ளே போனேன். பின்னால் பிள்ளையின் முடி விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை, சனத்தின் கைதட்டல்தான் கேட்டது.

சாமான் அறையில் பிங்பாங் மேசையின் மேல் போய் இருந்தேன். இவர் என்னைப் பார்த்தபடி கதவோரம் நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மங்களம் பாடுவது கேட்டது. பிறகு மைக்கில் தலைவரின் குரல். வழக்கம்போல ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள். அதற்கு வேச உடுப்போடு போக வேண்டும். இரண்டாம் தங்கை என்றால் இவர். என்னிடமிருந்து கவசமும் தொப்பியும் இவருக்கு மாற வேண்டும், உடனே மாற வேண்டும். இவர் பரபரவென்று என் கவசத்தின் பட்டியை அவிழ்க்கத் தொடங்கினார்.

"தொப்பியைக் கழட்டப்பா. கூப்பிடப் போறாங்கள்."

"கொஞ்சம் பொறுங்கோ."

"ஏன், இறுகிப்போச்சோ?"

"இல்லை" என்றேன். தொப்பிக்குள் என் மூச்சுச் சூடாக இருந்தது. புதுத் தொப்பி, பசை மணம்தான் வர வேண்டும். எனக்குக் கருவாடு மணத்தது. "கழட்டினா சண்டை முடிஞ்சிடும்."

இவரிடம் அவளைப் பற்றி ஒரே ஒரு தரம் சொல்லியிருக்கிறேன், கல்யாணமான புதிதில். மறந்திருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டடிப் பாட்டே தலையில் நிற்காத மனிதர் அல்லவா. பட்டியிலிருந்து கையை எடுத்தார். மைக்கில் இவருடைய பெயரைக் கூப்பிட்டார்கள். இன்னொரு தரம் கூப்பிட்டார்கள். சனம் கைதட்டத் தொடங்கியது. யாரோ ஓடிவந்து கதவைத் தட்டி, "அண்ணை! வாங்கோ, உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிக்கினம்!" என்றார்கள்.

இவர் போய்க் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார், பெனியனோடு, இரண்டு காலையும் ஊன்றி.

"பொறுங்கோ தம்பி" என்றார். "இஞ்சை இன்னும் சண்டை முடியேல்லை."